பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அசல் பெட்ரோல் ஹோஸ்களை அப்படியே வைத்திருக்கலாமா?

1960களின் பிற்பகுதியில் தயாரான ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருப்பதாகவும், அதிலுள்ள ரப்பர் பெட்ரோல் ஹோஸ்கள் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவையே என்றும், தயாரிப்பாளரின் பெயரும் தேதிக் குறியீடும் அவற்றின் மேல் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன என்றும், எங்கும் ஒழுகல் இல்லாதபோது அவற்றை மாற்றினால் காரின் அசல் தன்மை கெட்டுவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், அவற்றின் வழியாக இனி பெட்ரோல் பாயவே கூடாது என்பதுதான் என் பதில். ஒழுகவில்லை என்பது ஐம்பது ஆண்டுகளைக் கடந்த ரப்பரைப் பொறுத்தவரை நற்சான்று ஆகாது. ஏன் என்பதையும், மாற்றும்போது அசல் தோற்றத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பதையும் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த ஹோஸ் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துத் தளர்ந்துவிடும் என்பதால் அதை எரிபொருளுக்குப் பயன்படுத்த முடியாது. 1931இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் அறிவித்த நியோபிரீனும், அதே பத்தாண்டில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பரும்தான் பெட்ரோல் ஹோஸ் என்ற பொருளையே சாத்தியமாக்கின. நீங்கள் சொல்லும் காலத்துக் கார்களில் பெரும்பாலும் உட்சுவர் நைட்ரைலாக இருக்கும். அதன் மேல் வலுவூட்டுவதற்காக நூல் பின்னல் ஒன்று இருக்கும். அதற்கும் மேல் வெயிலையும் எண்ணெயையும் தாங்க நியோபிரீன் உறை இருக்கும். ஜெர்மன் கார்கள் பலவற்றில் இந்த வெளியுறையே கிடையாது. கறுப்பு நூல் பின்னலே வெளியில் தெரியும். போர்ஷே 356, தொடக்க கால 911 ஆகியவற்றின் எஞ்சின் அறைக்கு அந்தத் தனித்தோற்றத்தைத் தருபவற்றில் இதுவும் ஒன்று.

நைட்ரைலில் அக்ரிலோநைட்ரைல் என்ற கூறு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அது பெட்ரோலைத் தாங்கும். அதே அளவுக்குக் குளிரில் விறைத்தும் போகும். அந்த விறைப்பைத் தணிப்பதற்காக ரப்பர் கலவையில் பிளாஸ்டிசைசர் எனப்படும் இளக்கிகளைச் சேர்க்கிறார்கள். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் அந்த இளக்கிகள் பெட்ரோலில் கரையக்கூடியவை. ஆண்டுக்கணக்கில் பெட்ரோல் பாயும்போது அவை சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேற, அந்த இடத்தைப் பெட்ரோலே பிடித்துக்கொள்கிறது. ஹோஸுக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கும் வரை ரப்பர் ஊறிய நிலையில் மிருதுவாகவே இருப்பதால், தொட்டுப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. காரை நீண்ட காலம் நிறுத்திவைத்து, டேங்கும் குழாயும் வறண்டுவிட்டால் கதை மாறுகிறது: ஊறியிருந்த பெட்ரோல் ஆவியாகிப் போகிறது, திரும்பி வர இளக்கியும் இல்லை, ரப்பர் சுருங்கி இறுகுகிறது. உள்விட்டமும் சுவரின் தடிப்பும் மாறுவதால் முன்பு கச்சிதமாக இறுக்கியிருந்த கிளாம்ப் இப்போது தளர்ந்திருக்கும். முனையில் வளைந்திருந்த இடம் அந்த வளைவிலேயே உறைந்து, அசைத்தால் வெடிக்கும் நிலையில் இருக்கும்.

இதனால்தான் தினமும் ஓடும் பழைய காரைவிட, கொட்டகையில் பல ஆண்டுகள் உறங்கிவிட்டு மறுபடி உயிர்பெறும் கார் அதிக ஆபத்தானது. புதிய பெட்ரோல் நிரப்பிய முதல் நாளில் ஒழுகாத ஹோஸ் சில நாள் கழித்து ஒழுகத் தொடங்கலாம். சுருங்கிய ரப்பர் மறுபடி ஊறிப் பருக்கும்போது பழைய விரிசல்கள் திறந்துகொள்கின்றன. நிறுத்திவைத்த காரில் பழைய பெட்ரோல் தேங்கிப் புளித்திருந்தால் கேடு இன்னும் கூடும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்ட பெட்ரோலில் உருவாகும் பெராக்சைடுகள் நைட்ரைலை நேரடியாகத் தாக்கி இறுக்குகின்றன. அரை டேங்க் பழைய பெட்ரோலுடன் கிடந்த கார் என்றால், ஹோஸ்களின் நிலையை விவாதிக்கவே தேவையில்லை.

வெளியிலிருந்து தாக்குபவை வேறு: பானெட்டுக்குக் கீழுள்ள வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், எண்ணெய்க் கசிவு. இவை உண்டாக்கும் வெடிப்புகள் வெளியுறையில் மயிரிழைபோல் தெரியும் என்பதால், அவற்றைக் கண்டு எச்சரிக்கை அடைய முடியும். உட்சுவரில் நடப்பதைத்தான் பார்க்க முடிவதில்லை. கழற்றிய ஒரு பழைய ஹோஸைக் கூரிய கத்தியால் நீளவாக்கில் பிளந்து, இரண்டு பாதிகளையும் பின்பக்கமாக மடித்துப் பாருங்கள். வெளியுறை வழவழப்பாக, எழுத்துகள் அழியாமல் இருக்கும். உட்சுவரோ வறண்ட குளத்தின் அடிமண்போல் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும். விரலால் தேய்த்தால் கறுப்புப் பொடி ஒட்டிக்கொள்ளும். கிளாம்ப் அழுத்திய முனையருகே சுவர் மெலிந்து, நூல் பின்னல் பெட்ரோலில் ஊறிப் பழுப்பேறியிருப்பதையும் காணலாம். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையைத் திறக்கும்போது அடியில் மை போன்ற கறுப்புத் துகள் படிந்திருந்தால், அது பெரும்பாலும் ஹோஸின் உட்சுவர் உதிர்ந்து வந்ததுதான். அந்தத் துகள், பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வில் சிக்கிக்கொண்டால் மிதவை அறை நிரம்பி வழியும்; அப்போது ஹோஸ் ஒழுகாமலேயே எஞ்சின் மேல் பெட்ரோல் கொட்டும்.

சோதிப்பதற்கு வழிகள் இருக்கின்றன: ஹோஸை மெல்ல வளைத்துப் பார்க்கலாம், கிளாம்ப் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்க்கலாம், எஞ்சின் குளிர்ந்த பின் முனைகளைச் சுற்றி ஈரம் உண்டா என்று தடவிப் பார்க்கலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் ஹோஸ் கெட்டுவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எல்லாவற்றிலும் தேறினாலும் அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. நூல் பின்னல் வெளியில் தெரியும் ஜெர்மன் வகை ஹோஸ்களில் இது இன்னும் கடினம். ரப்பரின் எந்தப் பகுதியும் கண்ணுக்குப் படுவதில்லை. பெட்ரோல் கசிந்தாலும் நூல் அதை உறிஞ்சி நீளவாக்கில் பரப்பிவிடுவதால், ஈரம் தென்படும் இடம் ஒன்றாகவும் ஓட்டை வேறோரிடத்திலும் இருக்கும்.

இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் இந்த ரப்பரைக் கெடுக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் காரை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த பெட்ரோல் இன்று பம்புகளில் கிடைப்பது அன்று. ஐரோப்பாவில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த ஈ10 பெட்ரோல் பிரான்ஸில் 2009இலும் ஜெர்மனியில் 2011இலும் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் அதுவே சாதாரணப் பெட்ரோலானது. எத்தனால் என்றாலே ரப்பரைக் கரைத்துவிடும் என்று பரவியிருக்கும் பேச்சு மிகையானது. உண்மையில் தூய பெட்ரோலும் சரி, தூய எத்தனாலும் சரி, தனித்தனியாக நைட்ரைலைப் பருக்கவைக்கும் அளவைவிட, இரண்டும் கலந்த கலவை அதிகமாகப் பருக்கவைக்கிறது. அதுவும் எத்தனால் குறைந்த விகிதத்தில் இருக்கும் கலவைகளே கூடுதலாகத் தொல்லை தருகின்றன. அதிகம் பருத்தால் இளக்கிகள் விரைவாகக் கரைந்து வெளியேறும். காய்ந்த பின் சுருக்கமும் அதிகமாகும். ஆகவே எத்தனால் புதிதாக ஒரு நோயைக் கொண்டுவரவில்லை. முன்பே இருந்த மூப்பைத் துரிதப்படுத்துகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலையே தேடிப் போடுகிறேன் என்பவரும், ஐம்பது ஆண்டுப் பழைய ஹோஸை வைத்துக்கொள்வதற்கு அதைக் காரணமாகக் காட்ட முடியாது.

ஒரு சிறு கசிவுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பெட்ரோல் ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளியிடுகிறது. காற்றில் அந்த ஆவி ஒன்றரை விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலெழுந்து கலைந்துவிடாமல் தாழ்ந்த மூலைகளில் தேங்குகிறது. பழைய காரின் எஞ்சின் அறையில் தீப்பொறிக்குப் பஞ்சமில்லை: டைனமோவின் கார்பன் பிரஷ், டிஸ்ட்ரிபியூட்டர், உறை தேய்ந்த பிளக் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று எதுவும் போதும்.

இதற்கும் மேலாக, சில எஞ்சின்களின் அமைப்பே கசிவை மன்னிக்காது. எம்ஜிபி காரின் பி-சீரிஸ் எஞ்சினிலும், டாட்சன் 240இசட், 280இசட் கார்களின் ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் காற்று உள்ளே செல்லும் வழியும் புகை வெளியேறும் வழியும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர்களும் (280இசட்டில் இன்ஜெக்டர்களும்) அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ஹோஸ்களும், சூடான புகை வெளியேறும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே நிற்கின்றன. இடையில் இருப்பது ஒரு வெப்பத் தடுப்புத் தகடு மட்டுமே. 1975இல் வந்த 280இசட் இன்னும் கவனம் கோருவது, ஏனென்றால் அதில் கார்புரேட்டருக்குப் பதிலாக, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உண்டு. ஆறு இன்ஜெக்டர்களுக்கும் தலா ஒரு சிறு ரப்பர் துண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டரை பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்தில் பெட்ரோல். ஆறில் ஐந்தை மாற்றிவிட்டு, கைக்கு எட்டாத ஒன்றை விட்டுவைத்த கார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த எஞ்சினைப் பொறுத்தவரை ஐந்து ஹோஸை மாற்றியதும் ஒன்றுதான், எதையும் மாற்றாததும் ஒன்றுதான்.

எஞ்சின் பின்னாலோ நடுவிலோ உள்ள கார்களில் கவலை வேறு வகையானது. ஓட்டுபவருக்குப் பின்னால் தீப்பிடித்தால் அவர் அதைக் காண்பதற்குள் வண்டி வெகுதூரம் போயிருக்கும். போர்ஷே 914இல் பெட்ரோல் டேங்க் முன்னாலும் எஞ்சின் நடுவிலும் இருப்பதால், காரின் தரையில் நடுவே நீளவாக்கில் ஓடும் சுரங்கத்தின் வழியாக நீளமான பிளாஸ்டிக் குழாய்கள் செல்கின்றன. அவற்றின் முனைகளில்தான் ரப்பர் ஹோஸ்கள் இணைகின்றன. ஆண்டுகள் போகப் போக அந்தப் பிளாஸ்டிக்கும் நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். முனையிலுள்ள ரப்பரை மட்டும் புதிதாக்கப் போய், இழுத்த இழுப்பில் சுரங்கத்தின் வாயிலேயே பிளாஸ்டிக் ஒடிந்துவிடுவது அந்தக் காரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. பலர் அவற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் போட்டுக்கொள்கிறார்கள். லோட்டஸ் எலான் போன்ற ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட கார்களில், பற்றிய தீ உடலையே விறகாக்கிக்கொள்ளும். அத்தகைய காரை வைத்திருப்பவர் ஹோஸ் விஷயத்தில் மற்றவர்களைவிட ஒரு படி கண்டிப்பாக இருப்பதே முறை.

சரி, எதைப் போடுவது? இதற்கு உங்கள் காரின் எரிபொருள் அமைப்பு எவ்வளவு அழுத்தத்தில் வேலை செய்கிறது என்பதே முதல் கேள்வி. எஸ்யூ, வெபர், சோலெக்ஸ் போன்ற கார்புரேட்டர்களுக்குப் பம்ப் தரும் அழுத்தம் கால் பார் அளவுதான். 1967இல் வந்த பாஷ் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனில் அது இரண்டு பார். எல்-ஜெட்ரானிக்கில் இரண்டரை முதல் மூன்று. 1970களில் பரவிய கே-ஜெட்ரானிக்கில் ஐந்து பாரை ஒட்டியிருக்கும். 1967இல் வெளிவந்த டிரையம்ஃப் டிஆர்5 காரின் லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் ஏழு பாரில், அதாவது 100 பிஎஸ்ஐக்குக் குறையாமல் வேலை செய்கிறது. கார்புரேட்டர் காருக்கு விற்கும் ஹோஸை டிஆர்5இல் மாட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஹோஸ்களின் மேல் அச்சிட்டிருக்கும் எஸ்ஏஇ ஜே30 என்ற அமெரிக்கத் தரக் குறியீட்டைத் தொடர்ந்து வரும் ஆர் எண்தான் நீங்கள் தேட வேண்டியது. ஆர்6, ஆர்7 ஆகியவை கார்புரேட்டர் கார்களின் குறைந்த அழுத்தத்திற்கானவை. உட்சுவர் பெரும்பாலும் நைட்ரைல்தான். ஆர்9 என்பது இன்ஜெக்ஷன் கார்களுக்காக 100 பிஎஸ்ஐ வரை தாங்கும்படி வகுக்கப்பட்டது. உட்சுவர் ஃபுளோரோ ரப்பரால் ஆனது. 1957இல் டூபாண்ட் நிறுவனம் வைட்டான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த வகை ரப்பரைத்தான் இன்று எஃப்கேஎம் என்கிறார்கள். எத்தனால் கலவையை அது நைட்ரைலைவிட எவ்வளவோ மேலாகத் தாங்கும். அதன் சுவர் வழியாக ஊடுருவி வெளியேறும் பெட்ரோல் ஆவியும் பல மடங்கு குறைவு. கராஜில் எங்கும் ஒழுகல் இல்லாமலேயே பெட்ரோல் வாடை வருகிறது என்று பலர் குழம்புகிறார்கள். பழைய நைட்ரைல் ஹோஸின் சுவர் வழியாக ஆவி ஊடுருவுவதே பல வேளைகளில் அதற்குக் காரணம். கார்புரேட்டர் காராகவே இருந்தாலும் ஆர்9ஐப் போடுங்கள் என்பதே என் திடமான கருத்து. அழுத்தத்திற்காக இல்லை, உட்சுவருக்காக. லூகாஸ் இன்ஜெக்ஷன் காருக்கு மட்டும் ஆர்9 அதன் எல்லையிலேயே நிற்கிறது. பம்புக்கும், பெட்ரோலை அளந்து தரும் மீட்டரிங் யூனிட்டுக்கும் இடையில் அதைவிட உயர்ந்த அழுத்தத்துக்குச் சான்று பெற்ற, முனைகள் அழுத்திப் பொருத்தப்பட்ட ஹோஸ்தான் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஆர்9 என்று அச்சிட்டுவிட்டதாலேயே ஒரு ஹோஸ் ஆர்9 ஆகிவிடாது. அந்த எழுத்துகளைத் தாங்கிய மலிவான ஹோஸ்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே வெடித்துப்போவது பழைய கார் வைத்திருப்பவர்களிடையே அடிக்கடி கேட்கும் புகார். தயாரிப்பாளரின் பெயர், தரக் குறியீடு, தயாரித்த ஆண்டு மூன்றும் அச்சில் இருக்க வேண்டும். உட்சுவர் எந்த ரப்பர் என்று விற்பவர் சொல்ல முடியவேண்டும். வெட்டிய முனையைப் பார்த்தால், ஒழுங்கான எஃப்கேஎம் ஹோஸில் உட்சுவர் தனி அடுக்காக, பல தயாரிப்புகளில் சற்றே வேறு நிறமாக, வெளிச்சுவரிலிருந்து பிரிந்து தெரியும். ஒரே நிறத்தில், ஒரே கட்டியாகத் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

எஃகுக் கம்பிப் பின்னல் போட்ட பளபளப்பான ஹோஸ்களைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் குறைவு. அந்தப் பின்னல் அழுத்தத்தைத் தாங்கவும் உராய்விலிருந்து காக்கவும் மட்டுமே உதவுகிறது. பெட்ரோலைத் தொடுவது உள்ளே இருக்கும் சுவர்தான், அது சாதாரண நைட்ரைலாகவே இருக்கக்கூடும். பந்தயக் கார்போலத் தோற்றம் தரும் அந்த உறை, ரப்பரின் நிலையை முழுவதுமாக மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அருகில் உரசும் வயரையோ பிரேக் குழாயையோ அரம்போல் அறுக்கவும் செய்கிறது. உட்சுவர் டெஃப்லான் எனப்படும் பிடிஎஃப்இயாக இருந்து, முனைகள் அதற்குரிய முறையில் பொருத்தப்பட்டிருந்தால் அது மிக நல்ல ஹோஸ்; அதை மறுக்கவில்லை. அப்படி இல்லாதவற்றைத் தவிர்க்கவும். சிலிக்கான் ஹோஸ் தண்ணீருக்கு உரியது, பெட்ரோலுக்கு ஆகாது. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் சில மாதங்களில் இறுகிக் கிளாம்பிலிருந்து நழுவிவிடும்.

இனி உங்கள் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். அசல் தன்மை முக்கியம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தொழிற்சாலை ஹோஸின் மேலுள்ள எழுத்துகள் அந்தக் காரின் வரலாற்றுச் சான்று. அதைக் குப்பையில் எறிபவரை நானும் மன்னிக்க மாட்டேன். ஆனால் டயரையும் பிரேக் ரப்பரையும் ஃபேன் பெல்ட்டையும் எந்த மதிப்பீட்டாளரும் ஐம்பது ஆண்டுப் பழையதாக எதிர்பார்ப்பதில்லை. பெட்ரோல் ஹோஸும் அந்த வரிசையைச் சேர்ந்ததே, தயாரிப்பாளரே மாற்ற வேண்டிய பொருளாகக் கருதியது. காரோடு சேர்ந்து மூப்படைய வேண்டியவை உடல் தகடு, எஞ்சின் எண், இருக்கைத் தோல் போன்றவை. தேய்ந்து மாறவேண்டியவற்றை மாற்றுவது அந்தக் காரை அதன் இயல்புப்படி பராமரிப்பதே.

செய்யக்கூடியது இதுதான். கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு ஹோஸும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எழுத்துகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, கிளாம்பின் திருகு எந்தத் திசையில் நிற்கிறது என்பதெல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். அளவு குறித்து, அட்டை கட்டி, பெட்ரோல் முற்றிலும் ஆவியாகும் வரை திறந்த வெளியில் உலரவைத்து, பிறகு ஒரு பெட்டியில் காரின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். காரை விற்கும் நாளில் அந்தப் பெட்டி, குழாயில் மாட்டியிருக்கும் வெடித்த ஹோஸைவிட மதிப்புள்ளது. தோற்றத்தைப் பொறுத்தவரை, நூல் பின்னல் வெளியில் தெரியும் ஜெர்மன் வகையைப் பழைய தோற்றத்திலேயே, ஆனால் எஃப்கேஎம் உட்சுவரோடு இன்றும் தயாரிக்கிறார்கள். டிஐஎன் 73379 என்ற ஜெர்மன் தரக் குறியீட்டைக் கேட்டு வாங்கலாம். அந்தக் குறியீட்டிலும் பல வகைகள் உண்டு, சில நைட்ரைல் உட்சுவர் கொண்டவை என்பதால் உட்சுவர் எது என்று அங்கும் கேட்க வேண்டும். முனையில் உலோக இணைப்புகள் அழுத்திப் பொருத்தியிருக்கும் ஹோஸ்களுக்கு வழி இன்னும் நன்றாகவே இருக்கிறது: அசல் உலோக முனைகளையும் எஃகுக் குழாய்களையும் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள ரப்பரை மட்டும் புதிதாக்கி மறுபடி அழுத்தித் தரும் பட்டறைகள் உண்டு. கே-ஜெட்ரானிக் உள்ள போர்ஷே 911 போன்ற கார்களுக்கு இதுவே மிகச் சிறந்த முறை. வளைவுகள், இணைப்புகள், முலாம் எல்லாம் தொழிற்சாலையில் செய்தவையாகவே இருக்கும்.

அளவு விஷயத்தில் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். பிரிட்டிஷ், அமெரிக்கக் கார்களின் குழாய்கள் அங்குல அளவிலும், ஜெர்மன், இத்தாலியக் கார்களுடையவை மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும். 5/16 அங்குலம் என்பது 7.9 மி.மீ., ஆகவே எட்டு மி.மீ. ஹோஸ் அதற்குப் பொருந்தும். கால் அங்குலம் 6.35 மி.மீ.; ஆறு மி.மீ. ஹோஸை அதில் வலிந்து ஏற்றினால் முனை அளவுக்கு மீறி விரிந்து அங்கேயே வெடிக்கத் தொடங்கும், ஏழு மி.மீ. ஹோஸைப் போட்டுக் கிளாம்பால் நெருக்கினால் ரப்பர் மடிந்து அந்த மடிப்பின் வழியாகக் கசியும். அளவை ஊகிக்காமல் குழாயைக் காலிபரால் அளந்து வாங்குங்கள்.

கிளாம்புகளில், பட்டையில் துளைகள் வெட்டப்பட்ட வகையை எரிபொருளுக்குத் தவிர்க்க வேண்டும். இறுக்கும்போது ரப்பர் அந்தத் துளைகளுக்குள் பிதுங்கிச் சீவப்படும். துளையில்லாத, ஓரங்கள் மேல்நோக்கி மடிந்த பட்டை உடைய இன்ஜெக்ஷன் கிளாம்புகள் சுற்றிலும் சமமாக அழுத்தும். 1921இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற ஜூபிலி கிளிப்பில் மரைகள் துளைக்காமல் பட்டையிலேயே அழுத்திப் பதிக்கப்பட்டவை. அக்காலத்து பிரிட்டிஷ் காரில் அது தோற்றத்துக்கும் பொருந்தும், ரப்பரையும் கடிக்காது. குழாயின் முனையருகே உள்ள புடைப்பைத் தாண்டி ஹோஸ் ஏற வேண்டும், கிளாம்ப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். புடைப்பின் மேலேயே நின்றால் நாளடைவில் நழுவிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும், கார் திறந்த வெளியில் நிற்க வேண்டும், பெட்ரோல் தீக்கு உரிய அணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டேங்கின் மட்டம் ஹோஸைவிட உயரத்தில் இருந்தால், முனையைக் கழற்றியதும் டேங்க் முழுவதும் தானே வடியத் தொடங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய ஹோஸை ஒருபோதும் பிடித்து இழுக்காதீர்கள். நீளவாக்கில் கீறி, தோலுரிப்பதுபோல் விரித்து எடுங்கள். பழைய கார்புரேட்டர்கள் பலவற்றில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் மரையிட்டுத் திருகப்பட்டதன்று. வார்ப்பு உடலில் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டது. இறுகிய ஹோஸைத் திருகி இழுக்கும்போது அந்தப் பித்தளைக் குழாய் தன் இடத்தில் தளர்ந்துவிடும். புதிய ஹோஸ் அருமையாகப் பொருந்தி, கிளாம்பும் இறுகி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் குழாயே ஹோஸோடு சேர்ந்து கழன்று விழும். பெட்ரோல் பம்ப் அப்போதும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், எஞ்சின் மேல். ஆகவே ஹோஸை எடுத்ததும் அந்தக் குழாயை இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். இம்மியளவு ஆடினாலும் கார்புரேட்டரைக் கழற்றிச் சரிசெய்த பிறகே மேலே செல்லுங்கள்.

எஃகுக் குழாய்களின் முனையில் துரு இருந்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பான முனை புதிய உட்சுவரைச் சுரண்டும். புதிய ஹோஸை முறுக்கேறாமல், கூர்மையாக வளையாமல், எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து இயன்ற அளவு விலக்கி அமைக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டாமல் எலெக்ட்ரிக் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் தெரிந்துவிடும். எஞ்சின் சூடேறிக் குளிர்ந்த பிறகு கிளாம்புகளை மறுபடி சோதிக்க வேண்டும், ஏனென்றால் புதிய ரப்பர் முதல் சில வெப்பச் சுற்றுகளில் சற்று அமுங்கிக்கொடுக்கும்.

எஞ்சின் அறையோடு நின்றுவிடாதீர்கள். டேங்க் வாய்க்கும் மூடிக்கும் இடையிலுள்ள தடித்த ஹோஸ், டேங்கின் காற்றுப்போக்கிக் குழாய், பம்பின் இரு பக்கத்துத் துண்டுகள், டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் எல்லாம் அதே வயதினவே. பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும் கார்களில், 3.8 லிட்டர் ஜாகுவார் ஈ-டைப் அதற்கோர் எடுத்துக்காட்டு, உள்ளே இருக்கும் ரப்பருக்கு ஆர்9 உதவாது. அதன் வெளியுறை பெட்ரோலில் மூழ்கிக்கிடப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. மூழ்கும் இடங்களுக்கென்றே ஆர்10 என்ற தனித் தரம் இருக்கிறது, விலை கூடுதலானாலும் வேறு வழியில்லை.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்றால், நைட்ரைல் ஹோஸுக்கு ஐந்து ஆண்டு, நம்பகமான எஃப்கேஎம் ஹோஸுக்குப் பத்து ஆண்டு என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்; கார் ஓடிய தூரத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பொருத்திய மாதத்தையும் ஆண்டையும் பம்புக்கு அருகில் ஒரு சிறு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். கார் கைமாறினாலும் அடுத்தவருக்கு அது பயன்படும். இப்போதைக்கு, அசல் ஹோஸ்கள் காரில் இருக்கும் வரை எஞ்சினை இயக்க வேண்டாம். இடம் மாற்ற வேண்டியிருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள்.